மேல் போர்ஷன், கார் பார்க்கிங் உண்டு

“கார் பார்க்கிங் இருக்கிறது சார், ஆனால் பகலில் மட்டும்,” என்று தெலுங்கில் சொன்னார் ராமந்தாபூர் வீட்டுக்காரர்.

“பகலில் நான் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவேனே,” என்றார் ஜெகநாதன், அதே தெலுங்கில்.

“அதனால்தான் பகலில் இடம் காலியாக இருக்கும். தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி மட்டும் என் மாப்பிள்ளை நிறுத்துவார்.”

ஜெகநாதன் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். மார்ச் மாத வெயிலில் காருக்குள் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்த மனைவி லலிதா, “என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

“மாப்பிள்ளையா வந்திருந்தா எடம் கிடைச்சிருக்கும்.”

குஷாய்குடாவில் அவர்களுக்குச் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. ஜெகநாதன் வேலை பார்க்கும் மத்திய அரசுத் தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் வாடகை வீட்டுக்கு அலைய வைத்தது ஒரு காபி. மகள் நித்யஸ்ரீ படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுக் காபி எடுக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில், கூரையிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரைப் பூச்சு பெயர்ந்து அந்தப் புத்தகத்தின் மேல் விழுந்தது. கான்ட்ராக்டர் வந்து ஒரு கம்பால் வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் பானை மாதிரி சத்தம் வந்தது. மழைக்கு முன்னால் எல்லா அறையிலும் கூரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், ஏப்ரலும் மே மாதமும் பிடிக்கும் என்றார்.

மே மாதம்தான் நித்யஸ்ரீக்கு சி.ஏ. இறுதித் தேர்வு. போன தடவை ஒரே ஒரு பேப்பரில் நூலிழையில் போயிருந்தது. தினமும் அமீர்பேட்டில் வகுப்பு. ஆகவே வீடு மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது போக மிச்சமிருக்கும் பணத்துக்குள் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, காருக்கு நிழல் வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக ஜெகநாதன் வாங்கியிருக்கும் கார் அது. தெருவில் ஒரு ராத்திரிகூட நின்றதில்லை. மாலையானால் அதற்கு உறை போட்டு, ஓரத்தையெல்லாம் இழுத்துவிட்டு, கைக்குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்துவார்.

ஹப்சிகுடாவில் பார்த்த வீட்டுக்காரர், பதினொரு மாதத்துக்குக் குறைந்தால் பேச்சே கிடையாது, இரண்டு மாதத்துக்கு வேண்டுமென்றால் லாட்ஜுக்குப் போங்கள் என்றார். தார்நாகாவில் நல்ல பார்க்கிங் இருந்தது. வீடுதான் அதைவிடச் சின்னதாக இருந்தது. உப்பலில் ஒரு ஃப்ளாட் மெட்ரோவுக்கு எவ்வளவு பக்கம் என்றால், ரயிலில் போகிறவர் கையிலிருக்கும் போனில் என்ன ஓடுகிறது என்று ஹாலிலிருந்தே தெரிந்தது. அவர்களுக்கும் இவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

கடைசியில் யாதகிரி என்ற புரோக்கர் வந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவர். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாக நடமாடும்.

“உப்பல்ல ஒரு தனி வீடு சார். மேல் போர்ஷன். மெட்ரோக்கு நடந்தே போலாம். கார் பார்க்கிங் உண்டு. ரெண்டு மாசம்னாலும் ஓகே.”

வாடகையைச் சொன்னார். லலிதா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதே தொகைதான்.

“ஏன் இவ்வளவு கம்மி?”

“ஓனர் உங்க தமிழ் ஆளுதாம்மா. அவருக்குப் பணம் முக்கியம் இல்ல. ஆனா ஸ்ட்ரிக்ட். மூணு பேர்னா மூணு பேர். சுட்டம், சொந்தம்னு யாரும் வந்து தங்கக் கூடாது. சத்தம் நக்கோ, வேணாம். தண்ணி வேஸ்ட் நக்கோ. ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா மறுநாளே காலி. வாடகை எனக்கு போன்ல போட்ருங்க. ஓனர்கிட்ட இதெல்லாம் நேர்ல பேசாதீங்க, அவருக்குப் பிடிக்காது.”

“நாங்க சத்தமே போட மாட்டோம்,” என்று ஜெகநாதன் அப்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் குடிவந்தார்கள். கார் கேட்டுக்கு வெளியே போய் நின்றபோது, லுங்கியும் பனியனுமாக ஒருவர் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. காரைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

“ஜெகநாதன். மேல் வீட்டுக்கு...”

“சொன்னாரு சார், யாதகிரி சொன்னாரு. நான் குணசேகரன்.” ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். நிழலில், கார் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பைக் நின்றது. “ஒரு நிமிஷம் சார்.” பைக்கை உருட்டிக்கொண்டு போய் வெளியே வெயிலில் நிறுத்தினார்.

ஜெகநாதன் பதறிப்போனார். “உங்க வண்டியை எதுக்கு வெளியில எடுக்கறேள்? ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“இருக்கட்டும் சார். பைக்தானே. இது உங்க எடம்.”

ஹைதராபாத்தில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிற ஜெகநாதன், குடிவருகிறவனுக்காகத் தன் வண்டியை வெயிலில் நிறுத்தும் வீட்டுக்காரரைப் பார்த்ததே கிடையாது.

“எத்தனை நாள் சார் இங்க இருப்பீங்க?” என்று குணசேகரன் மெல்லக் கேட்டார்.

“ஜூன் முதல் வாரம் வரைக்கும். அங்க நம்ம வீட்ல வேலை நடக்கறது.”

“ஓ, ஜூன் வரைக்கும்.” அவர் முகம் லேசாகச் சுருங்கி, உடனே நிமிர்ந்தது. “சந்தோஷம் சார். எதுன்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க. தயங்காதீங்க.”

மாடிப்படி ஏறும்போது லலிதா கிசுகிசுத்தாள். “ஏன்னா, முகம் சுருங்கித்தே, கவனிச்சேளா? ரெண்டு மாசம்னா ஜாஸ்தின்னு நெனைக்கறார் போலிருக்கு. ஜாக்கிரதையா இருக்கணும்.”

அந்த ஜாக்கிரதையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் ஜெகநாதன் வழக்கம்போல ஒரு பக்கெட் தண்ணீரோடு காரைக் கழுவக் கீழே வந்தார். பாதி கழுவியிருப்பார். பின்னால் குணசேகரன் நின்று பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகநாதனுக்கு யாதகிரியின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. “அரை பக்கெட்தான் எடுத்தேன்,” என்றார்.

“ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலையே சார்.”

அடுத்த நாள் ஜெகநாதன் பக்கெட்டே இல்லாமல் ஒரு துணியோடு இறங்கினார். அதற்குள் கார் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. குணசேகரன் துணியைப் பிழிந்து உதறிக்கொண்டிருந்தார். “சும்மாதான் இருந்தேன் சார். ஒரு கை துடைச்சு விட்டேன்.”

ஜெகநாதனுக்கு இட்லி இறங்கவில்லை. “ஓனரே என் காரைத் துடைச்சு வெச்சிருக்கார், லலிதா.”

“நீங்க தண்ணியைக் கொட்டுவேள்னு பயம். அதை வாயால சொல்லாம நாசூக்கா காட்டறார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கோ. வேற யாராவதா இருந்தா கத்தியிருப்பா.”

பெரிய மனசுக்குப் பதில் மரியாதை செய்யாவிட்டால் எப்படி? அடுத்த நாள் ஜெகநாதன் முன்னாடியே எழுந்து வாசலைப் பெருக்கினார். அதற்கடுத்த நாள் அவர் துடைப்பத்தோடு இறங்கியபோது வாசல் ஏற்கெனவே பெருக்கியிருந்தது. குணசேகரன் செடிகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஜெகநாதன் இன்னும் முன்னால் எழுந்து வாசல், நடை, மாடிப்படி எல்லாவற்றையும் பெருக்கிக் கழுவிவிட்டார். அதற்கு மறுநாள் ஜன்னல் கம்பிகளில் ஒட்டடை இல்லை. இப்படியே போய், பேப்பர் போடுகிறவர் வரும் நேரத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு “நான் பார்த்துக்கறேன் சார்”, “இல்ல சார், நான் பார்த்துக்கறேன்” என்று வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள், “ஏமண்டி, இந்த வீட்டில் கல்யாணமா?” என்று லலிதாவிடம் விசாரித்தாள்.

ஏப்ரல் கடைசியில் கீழ் வீட்டில் ஆள் அரவம் கூடியது. கொல்லைப்புறத்தில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்ததை லலிதா மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்ததும் கொடியிலிருந்த ஈரத் துணியைக்கூட வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சில சமயம் ஏதோ ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கும் சத்தம் கிளம்பும். கிளம்பிய வேகத்தில், வாயைப் பொத்தியதுபோல் பாதியிலேயே நின்றுவிடும்.

“ஓனரோட சம்சாரம் ஊர்லேர்ந்து வந்துட்டா போலிருக்கு. ரொம்பக் கூச்சம்,” என்றாள் லலிதா. “பாருங்கோ, நம்ம நித்யா படிக்கறான்னு குழந்தைகளைச் சிரிக்கக்கூட விடாம அடக்கி வெச்சிருக்கார். இந்தக் காலத்துல யார் செய்வா?”

ஜெகநாதனுக்குக் கண் கலங்கியது. அன்று மாலையே நல்ல பங்கனபள்ளி மாம்பழமாகப் பொறுக்கி வாங்கி, பையைக் கீழ் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு ஓசைப்படாமல் வந்துவிட்டார். மறுநாள் காலையில் இவர்கள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. சேலத்து மாம்பழம். இவர் கொடுத்ததைவிட அதிகம்.

“நம்மளால ஈடு கொடுக்க முடியாது,” என்றார் ஜெகநாதன்.

இப்படிப்பட்ட நல்ல மனிதரை ஏமாற்ற வேண்டிய நிலைமை அந்த வாரமே வந்தது. அது அம்பியின் வடிவத்தில் வந்தது.

அம்பி லலிதாவின் அண்ணா. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ரகசியம் சொன்னாலும் திருச்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவதுபோல் இருக்கும். சினேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்காக, மனைவியை அழைத்துக்கொண்டு காரிலேயே கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். நல்ல வேளையாகக் குணசேகரன் அப்போது வெளியே போயிருந்தார்.

“என்னடி லலிதா, வீட்டை மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே,” என்று அம்பி கேட்டது உப்பல் சௌரஸ்தா வரை கேட்டிருக்கும்.

“மெதுவா பேசு அண்ணா.”

“ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று அம்பி இன்னும் பலமாகக் கவலைப்பட்டார்.

ஆளை மேலே ஏற்றிக் கதவைச் சாத்தியாயிற்று. காரை என்ன செய்வது? தெருவில் தண்ணீர் லாரிகள் போகிற வேகத்துக்கு அங்கே நிறுத்த முடியாது. அந்தக் கார் அம்பியுடையதும் இல்லை. சம்பந்தியிடம் இரவல் வாங்கியது. ஒரு கீறல் விழுந்தால் பெண்ணின் புக்ககத்தில் பதில் சொல்ல வேண்டும். ஜெகநாதன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பந்தியின் காரை நிழலில் விட்டார். தன் காரை ஓட்டிக்கொண்டு போய்க் குஷாய்குடா ஃப்ளாட் வாசலில், மணலுக்கும் செங்கல்லுக்கும் நடுவே நிறுத்தினார். பஸ் பிடித்து உப்பலுக்குத் திரும்பினார். பார்க்கிங்குக்காக வீடு பிடித்த மனிதர், அந்த வாரம் முழுக்கத் தன் காரைப் பார்க்க பஸ்ஸில் போய்வந்தார். இரண்டாவது நாள் போய்ப் பார்த்தபோது, மேலேயிருந்து கொட்டிய சிமென்ட் கலவை அதன் பானெட்டில் தோசை வார்த்ததுபோல் காய்ந்து கிடந்தது.

கனத்த மனத்தோடு வந்து கேட்டைத் திறந்தபோது குணசேகரன் செடிப்பக்கம் நின்றிருந்தார்.

“சார், வண்டி மாத்திட்டீங்களா?”

“அது வந்து... சர்வீஸுக்கு விட்டிருக்கேன். அதுக்குப் பதிலா இதைக் கொடுத்திருக்கா.”

“தமிழ்நாடு நம்பரா இருக்குதே.”

“அந்தக் கம்பெனி அங்கேயும் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து மாடியில் அம்பி தும்மினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குணசேகரன் அண்ணாந்து பார்த்தார்.

“டி.வி.,” என்றார் ஜெகநாதன்.

“நல்ல டி.வி. சார்,” என்றார் குணசேகரன் மரியாதையாக. அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. குனிந்து களை பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

“தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கார்,” என்று மேலே போய்ச் சொன்னார் ஜெகநாதன். “அந்த மனுஷன்கிட்ட பொய் சொல்ல வெச்சுட்டேளே.”

இரண்டு நாள் கழித்துக் குணசேகரனே மாடியேறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று கையைப் பிசைந்தார். ஹாலில் உட்கார்ந்திருந்த அம்பியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு லலிதா எட்டிப் பார்த்தாள்.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. கீழ பாத்ரூம்ல மேலேர்ந்து தண்ணி சொட்டுது. அவசரம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு முடியறப்ப பார்த்தா போதும்.”

மூன்று பேர் குளிக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர், அதுவும் வெயிலுக்கு இரண்டு வேளை குளிக்கிறார்கள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் மறுநாளே காலி என்றாரே யாதகிரி. நித்யஸ்ரீயின் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மூட்டை முடிச்சோடு இனி எங்கே போவது, அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள்?

“இன்னிக்கே பார்த்துடறேன் சார். ஒரு சொட்டு விழாது,” என்றார்.

“இன்னிக்கேவா சார்?” குணசேகரன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அம்பியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாயையே திறந்திருக்க மாட்டேனே,” என்று மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே மனைவியோடு ஊருக்குக் கிளம்பினார்.

அம்பி போனார், சொட்டுவது நிற்கவில்லை. ஜெகநாதன் குஷாய்குடாவில் வேலை செய்துகொண்டிருந்த பிளம்பரையே அழைத்துவந்து கீழே காட்டினார். பிளம்பர் சுவரைத் தட்டினார். உள்ளேயிருக்கும் பைப் துருப்பிடித்து மாவாகிவிட்டது, சுவரை உடைத்தால்தான் முடியும் என்றார்.

“உடைச்சிடுங்கோ. செலவு என்னோடது,” என்றார் ஜெகநாதன்.

“முழுச் செலவும் நீங்களேவா சார்? நான் பாதி...” என்று இழுத்தார் குணசேகரன்.

“நீங்க பேசவே கூடாது.”

குணசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலேதான் நித்யஸ்ரீயின் அறை. காலையில் சுத்தியல் விழ ஆரம்பித்ததும் அவள் புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

“அப்பா, இந்த சவுண்டுக்குப் பயந்துதானே நாம அங்கேர்ந்து வந்தோம்?”

“அது நம்ம வீட்டுச் சத்தம்மா. காசு கொடுத்து அதுலேர்ந்து ஓடி வந்தோம். இது மரியாதைச் சத்தம். நாலு நாள் பொறுத்துக்கோ.”

“பர்வாலேது, ட்ரெயின்ல ஏ.சி. இருக்கு,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். காலை முதல் வண்டிக் கூட்டத்தில் நின்றபடியே படித்து, அமீர்பேட்டில் வகுப்பு முடிந்தபின் அங்கேயே உட்கார்ந்து படித்து, இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினாள். வீட்டில் இருந்திருந்தால் இந்த அளவுக்குப் படித்திருக்க மாட்டேன் என்று பிறகு அவளே சொன்னாள்.

உடைத்த சுவருக்கு டைல்ஸ் வேண்டியிருந்தது. குஷாய்குடாவில் தன் பாத்ரூமுக்கென்று லலிதா ஆசையாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வைத்திருந்த டைல்ஸை, சிமென்ட் படிந்த காரில் ஏற்றிக்கொண்டு வந்தார் ஜெகநாதன். “அவர் நமக்குச் செஞ்சதுக்கு இது எம்மாத்திரம்,” என்று மட்டும் சொன்னாள் லலிதா. புதுக் குழாயும் புது டைல்ஸுமாகக் கீழ் பாத்ரூம் கல்யாண மண்டபம்போல் ஆகிவிட்டது.

வேலை முடிந்த அன்று குணசேகரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எத்தனையோ வீடு பார்த்திருக்கேன் சார். இந்த மாதிரி ஒரு மனுஷரைப் பார்த்ததில்ல.”

எத்தனையோ வீடு என்றது ஜெகநாதன் மனத்தில் நின்றது. இந்த ஊரில் இன்னும் எத்தனை வீடு வைத்திருக்கிறாரோ. அப்படியிருந்தும் லுங்கி கட்டிக்கொண்டு களை பிடுங்குகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷுமாக உட்கார்ந்து துருப்பிடித்த கேட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பார்த்த ஜெகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“நீங்க போய் பிரஷ் பிடிக்கறதா சார்?” என்று குணசேகரன் பதறினார்.

“நீங்களே பிடிக்கறப்போ எனக்கென்ன?”

கேட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பெயின்ட் அடித்தார்கள். கம்பிகளுக்கு நடுவே முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். இத்தனை நாளில் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

“நாச்சாரம் பக்கம் தினமும் போறேள் போலிருக்கே?”

“ஆமா சார். அங்க ஒரு ஃபேக்டரியில மெஷின் போட்டுக்கிட்டிருக்கோம்.”

ஃபேக்டரி வேறு இருக்கிறதா என்று ஜெகநாதன் மலைத்துப்போய், தன் பக்கத்துக் கம்பிக்கு இன்னொரு பூச்சு கொடுத்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா சார்?” என்றார் குணசேகரன், பிரஷைப் பார்த்தபடி. “இந்த ஊர்ல எப்படி இருக்கப் போறோமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். உங்களை மாதிரி ஒருத்தர் மேல இருக்கறது பெரிய பலம் சார்.”

“எங்களுக்குக் கீழ நீங்க இருக்கறதுதான் பலம். நீங்க இல்லேன்னா என் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிருக்கவே முடியாது.”

இரண்டு பேரும் பெயின்ட் வாசனையில் கண்ணைத் துடைத்துக்கொள்வதுபோல் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். பழைய கேட் புதுசாக நின்றது.

நித்யஸ்ரீ எல்லாப் பேப்பரும் எழுதி முடித்தாள். கடைசித் தேர்வன்று மெட்ரோவிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, “இந்தத் தடவை ஓகே அப்பா. ஃபுல்லா எழுதினேன்,” என்றாள். போன தடவை அவள் வாயே திறக்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது ஜெகநாதனுக்கு ஞாபகம் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இரண்டு தடவை மோர் விட்டுக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம். குஷாய்குடாவில் கூரை தயார். லலிதாவின் பாத்ரூமில் மட்டும் பழைய டைல்ஸ்தான். சாமான்கள் டெம்போவில் ஏறியபிறகு ஜெகநாதன் யாதகிரிக்கு போன் போட்டார்.

“சாவியை மீட்டர் பாக்ஸ் மேல வெச்சுட்டுப் போயிருங்க சார். நான் வந்து எடுத்துக்கறேன்,” என்றார் யாதகிரி. “ஓனரை எதுக்கு சார் தொந்தரவு பண்ணிக்கிட்டு?”

ஜெகநாதனுக்கு அது சரியாகப் படவில்லை. தெருவில் நிறுத்தவிடாமல் காரைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர். அம்பியின் தும்மலை டி.வி. என்று நம்பியதாகக் காட்டிக்கொண்ட மனிதர். குழந்தைகளின் சிரிப்பை அடக்கி, ஊரான் பெண்ணைப் படிக்கவைத்த மனிதர். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் சாவியை மீட்டர் பாக்ஸ் மேல் வைத்துவிட்டுப் போவதா?

லலிதா பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுக்கரை வேட்டி, அந்த அம்மாளுக்கு ஒரு புடவை எல்லாம் வைத்துக் கொடுத்தாள்.

“அண்ணா வந்து தங்கினதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுடுங்கோ. நல்லவர்கிட்ட மறைச்சு வெச்சா மனசு உறுத்தும்.”

ஜெகநாதன் படியிறங்கும்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டார். ‘சார், உங்களை மாதிரி ஒரு ஹவுஸ் ஓனர் இந்த ஹைதராபாத்தில் கிடையாது’ என்று ஆரம்பிக்க வேண்டும். நடுவில் அம்பி. முடிவில் வேட்டி. குரல் தழுதழுத்துவிடக் கூடாது என்று ஒரு தடவை செருமிக்கொண்டு, கீழ் வீட்டு மணியை அழுத்தினார்.

உள்ளே தடதடவென்று கால்கள் ஓடின. எவர்சில்வர் பாத்திரம் ஒன்று உருண்டது. யாரோ யாரையோ “உஷ்” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திய பெண்தான். ஜெகநாதனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிரிக்க முயன்றபடியே ஒரு அடி பின்னால் போனாள்.

ஜெகநாதன் தாம்பாளத்தை நீட்டி, தலை குனிந்து, வாயைத் திறந்தார். அதற்குள் அவள் உட்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, ஹவுஸ் ஓனர் சார் வந்திருக்காரு. பசங்களப் பின்பக்கமா அனுப்பிட்டு சீக்கிரம் வாங்க.”